பின்வரிசைக்குக் கண்

அப்பா வேலை செய்த இரும்பு ஆலையில் எடுத்த ஆயுத பூஜை போட்டோ ஒன்று எங்கள் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அப்பாவின் முகத்தை முன்னால் நின்றவரின் தலை மறைத்துவிட்டது. தெரிவது ஒரு காது மட்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா, “என் காது நல்லா வந்துகீது பாருங்க” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா டீ போடப் போய்விடுவாள்.

நான் ஏழாவது படித்தபோது, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டில் பொம்மை வீரர்களுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் எடுத்தார்கள். பாதி விரல் உயர ஈய வீரர்கள். வெளிநாடுகளில் பெரிய ஆண்களே இவற்றை மேஜைமேல் வரிசையாக நிறுத்திச் சண்டை விளையாடுவார்களாம். அம்மாவுக்கு வந்தது பழைய பாரசீகக் காலாட்படை. சுருட்டைத் தாடி, கையில் வேல், கணுக்கால்வரை தொங்கும் அங்கி. அம்மா அவர்களைப் பாவாடைக்காரங்க என்பாள். அறுபது பேரைச் சனிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் ஷெட்டிலேயே நிரந்தர வேலை. தாண்டினால் வேறு ஆளுக்கு. அதுவரை வெயிலில் சித்தாள் வேலை பார்த்தவளுக்கு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை.

சூப்பர்வைசர் அக்கா தெளிவாகத்தான் சொன்னார். “முன்னாடி ரெண்டு வரிசைக்குக் கண்ணு வச்சா போதும். பின்னாடி நிக்கிறவனுக்கு வேணாம். முன்னாடி கீறவன் தலை மறைச்சிக்கும்.”

“கண்ணு இல்லாம எப்டிக்கா நடப்பான்?”

“டேபிள் மேல நிக்கப் போறவன் எங்கம்மா நடக்கப் போறான்?”

அம்மா தலையாட்டிவிட்டு, பெட்டியோடு வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் கண் வைக்க ஆரம்பித்தாள். ஊசிமுனையளவு வெள்ளை; காய்ந்ததும் அதன்மேல் ஒரு கறுப்புப் புள்ளி. கை கொஞ்சம் அசைந்தால் ஆள் ஒன்றரைக்கண்ணனாகிவிடுவான். துடைத்துவிட்டு மறுபடியும்.

“யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க இல்ல? இன்னாத்துக்கும்மா?”

“நீ போய்ப் படி.”

சனிக்கிழமை காலை பன்னிரண்டு பேர் கண்ணில்லாமல் மிச்சம். “திங்கக்கெழம குட்துடறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டு வா” என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போனாள்.

திங்கள் என்றால் வேலை போய்விடும். வகுப்பில் நான் கெட்டிக்காரன். பன்னிரண்டு பேரையும் கடைசி இரண்டு வரிசைகளில் நிறுத்தி, பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். அக்கா முன்வரிசையை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“உங்கம்மாவுக்கு நல்ல கை. திங்கக்கெழமைலேர்ந்து வரச் சொல்லு.”

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அம்மா பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். “கண்ணு வைக்காமயா குட்துட்ட?” என்றாள். அவ்வளவுதான்.

திங்களன்று வேலையில் சேர்ந்ததும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் கேட்டாளாம். அது அதற்குள் கப்பலுக்குப் போய்விட்டது. அக்கா சிரித்தாராம். அம்மா எனக்குச் சோறு போட்டாள், டிபன் கட்டினாள், இரண்டு நாள் பேசவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தவனை இப்படியா நடத்துவது என்று எனக்குக் கோபம்.

மூன்றாம் நாள் நான் டிவி போட்டபோது, அம்மா ஸ்டூல் மேல் ஏறி ஆயுத பூஜை போட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையை மட்டும் வெகுநேரம். அழுக்கு அங்கேதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

“தள்ளிக்கம்மா, மறைக்கிது” என்றேன்.