சத்தம் பத்தாத ஹெட்ஃபோன்

ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை செய்கிறேன். சூளகிரியிலிருந்து பஸ்ஸில் போய்வரும்போது பாட்டுக் கேட்க, கொடுக்கிற காசுக்குத் தகுந்த ஹெட்ஃபோன் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன்.

கடையில் இருந்த பெண் எடுத்துக் கொடுத்த எதிலும் எனக்குச் சத்தம் பத்தவில்லை.

"என்னம்மா, எல்லாமே டூப்ளிகேட்டா?" என்று எரிந்து விழுந்தேன்.

நான் மாட்டியிருந்ததை வாங்கித் தன் காதில் வைத்தவள், சட்டென்று கழற்றிவிட்டாள்.

"அண்ணா, ஃபுல் சவுண்டுல ஓடுது. இதுவே உங்களுக்குப் பத்தலைங்களா?"

எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

மெஷின் சத்தம் காதில் விழுந்தால்தான் வேலை ஓடும் என்று, கம்பெனி கொடுத்த இயர்பிளக்கை நான் மாட்டியதே இல்லை. மறுநாள் லாக்கரைத் திறந்து அதன் உறையைக் கிழித்தேன். கிழிகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை.