மூன்று துளையில் எடுத்த கட்டி

டிப்போவில் அவரைச் செக்கரம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. ஒருவன் சட்டைப்பையைத் தட்டித் தேடும் விதத்திலேயே, டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனா என்று அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். "கீழ விழுந்திடுச்சு போல மேடம்" என்றால், "நல்லா குனிஞ்சு தேடுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று பக்கத்திலேயே நின்றுகொள்வார். வீட்டிலும் அதே கண்தான். பெற்ற மகளால்கூட அவர் காதில் பூ சுற்றிவிட முடியாது.

ஒரு மழை நாளில் பஸ் படியில் வழுக்கி விழுந்தார். விலா எலும்பு முறிந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது நுரையீரலின் மேல்பகுதியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு நிழல். ஸ்கேன் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது.

"நான் சிகரெட்டைக் கையால தொட்டதுகூட இல்ல டாக்டர். வேற யாரோட ரிப்போர்ட்டையோ மாத்திப் பார்த்துட்டீங்க" என்றார் செக்கரம்மா.

அறுவை சிகிச்சை டாக்டர் இளவயதுக்காரர். "புகைக்காதவங்களுக்கும் வருதும்மா. இது உங்களோடதுதான். பக்கவாட்டுல மூணு சின்னத் துளை போட்டு, ஒண்ணுல கேமரா விட்டு, நுரையீரல்ல கட்டி இருக்கற அந்த மேல் மடலை மட்டும் எடுத்துடலாம். சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அண்ணனுக்கும் ஒரு காலத்தில் இதே நோய். முதுகிலிருந்து மார்பு வரை அறுத்து, விலாவை விரித்துச் செய்தார்கள். அதன்பின் அண்ணனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. சட்டையை அண்ணிதான் மாட்டிவிடுவார். அடுத்த வருடமே அண்ணன் போய்ச் சேர்ந்தார். அப்பேர்ப்பட்ட நோய்க்கு மூன்றே துளையா? முற்றிப்போன கேஸ், பேருக்கு ஏதோ செய்து அனுப்பப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

வீட்டில் நடந்தது அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது. மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்த அவர் கணவர், போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அப்பாவும் மகளும் சமையலறையில் குசுகுசுத்தார்கள். இவர் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. ஒரு மத்தியானம் கணவரின் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்த பிளாஸ்திரி.

"என்னங்க இது?"

"கொசு கடிச்சிடுச்சு."

"கடிச்ச கொசு பஞ்சு வச்சு ஒட்டிட்டும் போச்சா?"

கணவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார். 'எனக்கு ஏற்றத்தான் இப்போதே ரத்தம் எடுத்து வைக்கிறார்கள். அப்படியென்றால் பெரிய ஆபரேஷன்தான்' என்று செக்கரம்மா கணக்குப் போட்டார்.

யாரிடமும் சொல்லாமல் ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "துளை வழியாவே தாராளமா எடுக்கலாம். இந்த மாதிரி கட்டிக்கு இப்பல்லாம் அகலமா அறுக்கறது குறைஞ்சு போச்சு" என்றார். இவரும் கூட்டுக்களவாணியோ என்று யோசித்தபடியே பஸ்ஸில் திரும்பினார் செக்கரம்மா. ஆனால் இந்த டாக்டரைப் பார்க்கப்போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியாதே, யார் போன் போட்டுச் சொல்லியிருக்க முடியும்? வேறு வழியில்லாமல் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தண்ணீர் உள்ள ஜாடியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தார். மூன்று சின்னக் கட்டு, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினார். வலித்தது, ஆனால் கை தலைக்கு மேலே போய்விட்டது. அண்ணனால் முடியாதது தன்னால் எப்படி முடிகிறது?

"டாக்டர், மறைக்காம சொல்லுங்க. எடுத்தீங்களா, இல்ல எட்டிப் பார்த்துட்டு மூடிட்டீங்களா?"

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆபரேஷன் வீடியோவைக் காட்டினார். கறுப்புப் புள்ளிகள் நிறைந்த சுருங்கிய நுரையீரல், அதைக் கிளிப் போட்டு வெட்டும் கருவி, வெட்டிய மடலை ஒரு சின்னப் பைக்குள் திணித்து, துளை வழியாக வெளியே இழுக்கும் கை.

"இவ்வளவு கறுப்புப் புள்ளி எப்படி?"

"நாம இழுக்கற புகைதாம்மா. ரோட்டுல, வீட்டுல."

பின்னால் நின்ற கணவர் சட்டென்று அறையை விட்டு வெளியேறினார். செக்கரம்மா ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்தொடர்ந்தார். தாழ்வாரத்துக் கோடியில், ஜன்னலைப் பார்த்து அவர் அழுதுகொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க. எனக்கு முத்திடுச்சா?"

"உனக்கு ஒண்ணும் முத்தல. தப்பு என்னோடது. பட்டறையில கல்யாணமான நாள்லேருந்து ஊதிட்டிருந்தேன். வாசம் போகக் குளிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். உனக்கு வந்ததும் பயந்துபோய், பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிட்டு, நானும் ரத்தம் கொடுத்து ஸ்கேன் எடுத்தேன். எனக்கு ஒண்ணுமே இல்லியாம். ஊதினவன் நான், அறுபட்டது நீ. இதை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்லுவேன்?"

செக்கரம்மாவுக்குக் கோபம் வந்தது. 'ஊரையே பிடித்தேன், இவரைப் பிடிக்கவில்லையே' என்ற அவமானம் அதைவிட அதிகமாக வந்தது. கடைசியில், "உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்லியா? அந்த ரிப்போர்ட்ட நான் பார்க்கணும்" என்றார்.

மடலோடு சேர்த்து அக்கம்பக்கத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளில் ஒன்றில் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. கட்டியின் மரபணுவைச் சோதித்து, அதற்கென்றே உள்ள மாத்திரையைத் தினமும் போடச் சொன்னார்கள். "முடி கொட்டாதா? அப்ப இது என்ன கேன்சர் மருந்து?" என்று அதையும் நம்பவில்லை. முகத்தில் பரு கிளம்பியபோதுதான், "அப்பாடா, என்னமோ செய்யுது" என்று நிம்மதியானார். பருவை வைத்து மருந்தை எடை போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை.

இதுவரை எடுத்த ஸ்கேன்களில் நோய் திரும்பவில்லை. செக்கரம்மா மறுபடி வேலைக்குப் போகிறார். மேம்பாலப் படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. கணவர் சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும், யாரும் சொல்லாமலே வாசலில் கையை விரித்து நிற்பார். செக்கரம்மா காலரை முகர்ந்து பார்த்துவிட்டு, "ம், உள்ள வாங்க" என்பார்.