மூன்று குற்றம், ஒரே சிறை

ஒருவன் உங்கள் வீட்டுக்குள் புகுந்து, உங்கள் கணவனை வெட்டி, உங்கள் விரல்களையும் துண்டித்தால், அது மூன்று குற்றமா, ஒன்றா?

உடுப்பிட்டியில் தோசை சுட்டு விற்கும் கோபிகாவுக்கு அது மூன்று. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளைச் சீண்டிய டினேஸை விளக்குமாற்றால் அடித்துத் துரத்தினாள். மறுநாள் பட்டப்பகலில் அவன் வாளோடு வந்து கதவைக் கொத்திப் பிளந்தான். குறுக்கே பாய்ந்த கணவன் சயந்தனின் தோளில் எலும்பு தெரிந்தது. தன் கழுத்துக்கு வந்த வெட்டைக் கோபிகா வலக்கையால் தடுத்தாள். விரல்கள் மாவுச் சட்டிக்குள் விழுந்தன.

கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள் அயலவர்கள். அவர்களும் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

பிணையில் வந்த டினேஸ், "மற்றக் கையையும் எடுக்கட்டே அக்கா?" என்று வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் நின்று சிரித்தான். மகள் ஆரணிக்கு எட்டு வயது. அவள் வளர்ந்து ஆளாகும்வரை அவன் உள்ளே கிடக்க வேண்டும். கோபிகாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தீர்ப்பு நாளில் நீதிபதி வாசித்தார். வீடு புகுந்ததற்கு மூன்று வருடம். சயந்தனை வெட்டியதற்கு ஐந்து. கோபிகாவை வெட்டியதற்கு ஏழு.

"பதினைஞ்சு! எழும்பு தங்கச்சி, முருகனுக்கு வைச்ச நேர்த்தியை முடிப்பம்," என்றான் அண்ணன் குகதாசன்.

"இன்னும் வாசிக்கினம் அண்ணை."

"கேட்டது காணும். முருகன் தீர்ப்புச் சொல்லிப்போட்டான்."

கோயில் வாசலில் அவன் தேங்காய் அடித்துக்கொண்டிருக்கையில், வழக்கை நடத்திய அரச சட்டவாதி ஜெயனி கோபிகாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கடைசி வரியைக் கேக்காமல் எங்கை போனீங்கள்? மூண்டு தண்டனையும் ஏககாலத்திலையாம். எல்லாம் ஒண்டாய்த்தான் ஓடும். ஏழு வருசம்தான்."

"அப்ப இவரை வெட்டினது?"

"அந்த ஏழுக்குள்ளை அடங்கும்."

"இவரின்ரை தோளை என்ரை விரலுக்குள்ளையோ அடக்கினவை?"

தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. அப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் கேட்கவில்லை. பதினைந்து வயதில் ஆரணி ரியூசனுக்குப் போகும் ஒழுங்கையில் அவன் மறுபடி நிற்பான்.

"விதி, தங்கச்சி," என்றான் குகதாசன்.

"விதியோ? கதிரையிலை இருந்த ஒரு மனுசன் சொன்னது. இன்னொரு மனுசன் மாத்தலாம்."

அன்றே, தண்டனை போதாதென்று அரசின் சார்பில் மேன்முறையீடு செய்யும்படி சட்டமா அதிபருக்கு இடக்கையால் எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் கோணலாக விழுந்தன. நிறுத்தவில்லை.

உங்கள் ஊரிலும் வெட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வழக்கில் கடைசி வரி வாசிக்கப்படும்வரை போய் உட்காருங்கள். அந்த வரி அநியாயமானால், மேன்முறையீட்டுக் காலக்கெடு முடியுமுன் அவர்களோடு சேர்ந்து நீங்களும் எழுதுங்கள்.