மூன்றாம் வரிசைக் கைதட்டி

இரு நாட்டுக் கலாச்சார மையத்தின் அரங்கில் நாற்காலி போடுவதும் மைக் சரிபார்ப்பதும்தான் அவருக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனால் எல்லாரும் அவரைக் கூப்பிடுவது ‘கைதட்டி’ என்று. காரணம் இருக்கிறது. அந்த இன்னொரு நாட்டின் இசை மூன்று நான்கு பகுதிகளாக வரும். நடுநடுவே கொஞ்சம் நிறுத்துவார்கள். நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? நிறுத்தின இடத்திலெல்லாம் தட்டித் தீர்த்தார்கள். வந்த கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். மையத்துக்கு நாட்டுக்கு ஒருவராக இரண்டு இயக்குநர்கள். எதிலும் ஒத்துப்போகாத அந்த இருவரும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்: ஒத்திகைகளை முழுக்கக் கேட்கிறவர் இவர்தான்; ஆகவே இவர் முதலில் தட்டட்டும், மற்றவர்கள் பிறகு தட்டட்டும். கூட்டமும் பழகிவிட்டது. மேடையைப் பார்க்கிறதோ இல்லையோ, மூன்றாம் வரிசையில் இவர் கையைப் பார்க்கும்.

அன்று மாலை பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய மகள். மையத்திலேயே கற்றவள். ஆண்டு விழாவில் நன்றாக வாசிக்கும் ஒருவரை அந்த நாட்டு இசைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். தேர்வு செய்ய வேண்டிய இயக்குநர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். முடிவு சொல்லும்வரை அவர்கள் யாருக்கும் தட்டக் கூடாது. கடைசிப் பகுதியில் ஓர் இடத்தில் மகளின் விரல் எப்போதும் இடறும். அடுத்த அறையிலிருந்து கேட்டுக் கேட்டு அந்த இடம் கைதட்டிக்கு அத்துப்படி.

“காலை ஆட்டாம இருங்க. நாற்காலியே நடுங்குது,” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

“அந்த இடம் வரப்போகுதுடி.”

வந்தது. விரல் நின்றுவிட்டது. முடிந்துவிட்டதோ என்று கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. ஒரு தட்டு போதும், பிள்ளை அவமானப்படாமல் எழுந்து வந்துவிடலாம். ஆனால் இசைப் பள்ளி வாய்ப்பு போய்விடும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மகள் மூச்சை இழுத்துவிட்டாள். விட்ட இடத்தைப் பிடித்தாள். அப்புறம் எங்கேயும் தடுமாறவில்லை.

முடித்து, எழுந்து, தலை வணங்கினாள். அரங்கில் சத்தமே இல்லை.

கைதட்டி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவர் தட்டாததால், இன்னும் ஒரு பகுதி பாக்கி போலிருக்கிறது என்று கூட்டம் சமர்த்தாகக் காத்திருந்தது. மேடையில் மகளின் முகம் வெளுத்துப்போயிற்று.

“என்னங்க! பொண்ணு நிக்கிறா. தட்டித் தொலைங்க!”

தட்டினார். அரங்கமே அதிர்ந்தது. இயக்குநர்கள் மேடையேறி, அவளைத்தான் அனுப்பப்போவதாக அறிவித்தார்கள். அதை அவள் காதில் வாங்கினாளோ என்னவோ, விடுவிடுவென்று இறங்கி மூன்றாம் வரிசைக்கு வந்தாள்.

“ஊருக்கெல்லாம் தட்டுவீங்களேப்பா,” என்றாள். “எனக்குத் தட்ட மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”