சல்லி மணலில் புதிய சிங்கிள் கேப்

1. வந்த நாள்

லிங்கநகரில் வாகன விற்பனை நிலையத்தோடு சேர்ந்த ஒரு கராஜில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். எங்கள் பக்கம் மூத்த மெக்கானிக்கைப் ‘பாஸ்’ என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்தக் காலத்தில் பாதியை ஒரே வாகனத்தின் அடியில் படுத்துக் கழித்திருப்பேன். சிங்கிள் கேப். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் திறந்த தட்டு. மூதூரில் நெல் ஏற்றும், சம்பூரில் வைக்கோல் ஏற்றும், நிலாவெளியில் மீன் பெட்டி ஏற்றும். சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலை. வழியில் நின்றாலும் இரண்டு ஸ்பனரோடு மர நிழலிலேயே திருத்திவிடலாம்.

அதன் புதிய மாதிரி வருகிறது, உள்ளே கொம்பியூட்டர் இருக்கிறது என்று எங்கள் முதலாளி நசீர் சொன்னபோது, நல்ல வாகனத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வந்த அன்றே ஜக்கில் தூக்கி, அடியில் போய்ப் பார்த்தேன். சேசிஸ் பழைய தடிப்பிலேயே இருந்தது. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. உப்புக் காற்றுக்கு முதலில் துருப்பிடிக்கும் மூலைகளில் எல்லாம் பூச்சு அடித்திருந்தார்கள். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்க ஃபோர் வீல் போடுவதற்கு அதே இரும்பு லீவர். மீன் தண்ணீர் சிந்தினால் வடிந்துபோகப் பின் தட்டின் தரையில் ஓட்டை வைத்திருந்தார்கள். இதை வரைந்தவன் எங்களைப் போல ஆட்களைப் பார்த்திருக்கிறான் என்று பட்டது.

அடுத்த நாள் தலைமை அலுவலகத்தில் இருந்து தர்சினி என்ற பொறியியலாளர் வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். சில்லு வழுக்கினால் கொம்பியூட்டர் தானாகவே எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் என்றார். ஈர ரோட்டில் அது உயிர் காக்கும்.

“ஆனா மணலில அது இடைஞ்சல் ஐயா. மணலுக்க இறங்க முதல் இந்தப் பட்டனை அமத்திப் பிடியுங்கோ. சும்மா தொட்டா காணாது. லைட் எரியும் மட்டும் பிடிக்கவேணும்.”

நான் தலையாட்டினேன். ஒரு பட்டனைப் பற்றி எனக்கு இவ்வளவு விளக்கமா என்ற நினைப்பு எனக்கு.

2. சல்லிக் கடற்கரை

முதலில் விசாரித்து வந்தவர் சல்லியைச் சேர்ந்த பூமணி. கணவர் யோகராசா கடலுக்குப் போவார். அவர் கொண்டுவரும் மீனை வாடகை வாகனத்தில் சந்தைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய் விற்பவர் பூமணி. சொந்தமாக ஒன்று வாங்க நினைத்தார்.

“எனக்குக் கதை வேண்டாம் அண்ணை. எங்கட கரைக்குக் கொண்டு வந்து காட்டுங்கோ,” என்றார்.

வாடைக் காற்று தொடங்கியிருந்த நேரம். காலை ஒன்பது மணிபோல முதலாளியும் நானும் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஒரே சத்தம். யோகராசாவின் படகு கரைக்குக் கிட்ட வந்து எஞ்சின் நின்று, அலையில் பக்கவாட்டாகத் திரும்பி, பாதி தண்ணீரோடு கற்பாறைப் பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆறேழு பேர் கயிற்றைப் பிடித்தும் ஏலவில்லை. யோகராசா நெஞ்சளவு தண்ணீரில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். படகு பாறையில் மோதினால் அவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

“படகு போனாப் போகட்டும், கையை எடுங்கோ!” பூமணி கத்தினார். அவர் எடுக்கவில்லை.

வாகனத்தைக் கடலைப் பார்க்க மணலில் இறக்கினேன். கயிற்றின் கரை நுனியை முன் கொளுக்கியில் மாட்டினார்கள். நான் கதவால் தலையை நீட்டி, “தம்பி, கையைக் கழட்டும். இனி இது இழுக்கும்,” என்றேன். யோகராசா என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கழற்றி விலகினார்.

ஃபோர் வீல் லீவரை இழுத்து, லோ கியரில் ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். சில்லு ஒரு சுற்றுச் சுற்றியது. எஞ்சின் மூச்சடைத்ததுபோல இறங்கியது. டாஷ்போர்டில் மஞ்சள் லைட் ஒன்று மின்னியது. மறுபடி மிதித்தேன். அதேதான். படகு எங்களையும் சேர்த்து ஒரு முழம் கடலுக்குள் இழுத்தது.

“என்ன பாஸ், புது வாகனம் நிண்டுட்டுதா?” பக்கத்தில் இருந்த முதலாளி கேட்டார்.

பழைய வாகனமென்றால் இதற்குள் ஏறியிருக்கும் என்று வாய்க்குள் ஏசினேன். யோகராசா தண்ணீரில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதன் என் சொல்லை நம்பித்தான் கையை விட்டிருக்கிறான். அப்போதுதான் பட்டன் நினைவுக்கு வந்தது. தட்டினேன். லைட் மின்னிக்கொண்டே இருந்தது. தொட்டால் காணாது என்று அந்தப் பிள்ளை தர்சினி சொன்னது பிறகுதான் காதில் விழுந்தது. அமத்திப் பிடித்தேன். மூன்று நான்கு விநாடி இருக்கும். ஒரு வருடம்போல இருந்தது. லைட் மின்னுவதை விட்டு நிலையாக எரிந்தது.

மிதித்தேன். நான்கு சில்லும் மணலை வாரி எறிந்தன; பிறகு பிடித்துக்கொண்டன. கயிறு விறைத்தது. படகின் மூக்கு மெல்லக் கரைப் பக்கம் திரும்பியது. நான் நிறுத்தவே இல்லை. படகு முழுதாக மணலில் ஏறிய பிறகுதான் பிரேக்கில் கால் வைத்தேன். அதன் அடியில் ஒரு கீறல்கூட இல்லை.

யோகராசாவின் கையைக் கயிறு அறுத்திருந்தது. முதலாளி பின் தட்டில் ஏற, அதே வாகனத்தில் அவரை முன்னால் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் யோகராசா, “கயிறை மாட்டினபிறகும் நீங்கள் கொஞ்ச நேரம் யோசிச்சுக்கொண்டு இருந்தீங்கள், என்ன அண்ணை?” என்று கேட்டார்.

“ஓம் தம்பி. எனக்குத்தான் இதை ஓட்டத் தெரியாம இருந்தது,” என்றேன். வாகனத்தின் மேல் பழி போட மனம் வரவில்லை.

3. அதற்குப் பிறகு

மறுநாள் தர்சினிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. வாகனத்துக்கு ஒன்றும் ஆகவில்லையா என்றுகூடக் கேட்கவில்லை. “அந்த ஐயாவின்ர கை எப்பிடி?” என்றுதான் கேட்டார். அதன் பிறகு அவர் வைத்த ஒவ்வொரு வகுப்பிலும் கொப்பியோடு முன் கதிரையில் இருந்தேன்.

பூமணி அந்த வாகனத்தையே வாங்கினார். சாவி கொடுக்க முதல் அவரை மணலுக்குக் கூட்டிப்போய், வாகனத்தை வேண்டுமென்றே புதைய விட்டு, தானே வெளியே எடுக்கச் சொன்னேன். இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம் எடுத்தார். இறங்கி வந்து, “நல்ல சாமான் அண்ணை. ஆனா அதைக் கேட்டுத்தான் ஓட்டவேணும்,” என்றார்.

ஓய்வு பெறும் வரை நான் கையளித்த எல்லா வாகனத்துக்கும் அந்த மணல் பாடம் நடந்தது. டீசல் வீண் என்று முதலாளி இடைக்கிடை முணுமுணுப்பார்.

இப்போது கராஜில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வாகனம் சொல்வழி கேட்கவில்லை என்று ஏச முன், அது சொல்வதை நீங்கள் கேட்டீர்களா என்று பாருங்கள். என்னைப் போல முப்பது வருட அனுபவம் இருந்தால் இரண்டு தரம் பாருங்கள்.