தடியைத் தாழ்த்தச் சொன்ன சவிரிமுத்து அண்ணை

சவிரிமுத்து அண்ணை நேற்றுக் காலை வத்தளையில் காலமாகிவிட்டார். நூறு வயதுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் பாக்கி.

அவருடைய மகள் தெரேசா பேஸ்புக்கில் போட்ட பழைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். களனி ஆற்றில் ஒரு சின்ன வள்ளம். முன்னால் தொப்பி போட்ட வெள்ளைக்கார நோனா, பின்னால் துடுப்போடு அண்ணை, நடுவில் இரட்டைப் பின்னலோடு நான்.

"நோனாவிடம் எனக்காகக் கடிதம் கேட்ட பிள்ளை" என்று அண்ணை என்னைப் பற்றிச் சொல்லுவாராம். தெரேசா எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு, அண்ணைக்கு நற்சான்றுக் கடிதம் வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்று கீழே இருபது பேர் எழுதிவிட்டீர்கள். "கிரேட் அன்ரி" என்று இதயம் வேறு.

பிழை. கேட்டது உண்மை. ஆனால் அந்தக் கடிதம் அவருக்குக் கிடைக்காமல் போனதே என்னால்தான்.

வெள்ளைக்காரர் போவதற்கு முந்திய வருடம். எனக்குப் பதினைந்து வயது, கொட்டாஞ்சேனையில் கொன்வென்ற் படிப்பு. நோனா, என் அப்பா வேலை செய்த கம்பெனித் துரையின் மனைவி. சனிக்கிழமை காலைகளில் கொடுவா மீன் பிடிக்கப் போவார்.

இரைக்குப் புழு, இறால் ஒன்றையும் தொடமாட்டார்... கொக்கியில் சேவல் இறகைக் கட்டிக் குஞ்சு மீன் போலச் செய்து, நீள நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி எறிவார். ஃப்ளை ஃபிஷிங்.

எங்கே, எப்போது எறிவது என்று சொல்வது அண்ணையின் வேலை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நோனாவுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே நடுவில் நான்.

கடல் தண்ணீர் ஏறி நின்று ஆறு அசையாமல் கிடக்கும் கொஞ்ச நேரம் ஒன்று உண்டு. அது வரும்வரை அண்ணை நோனாவைத் தூண்டில் தடியைத் தொட விடமாட்டார்.

"பொறுக்கச் சொல்லுங்கோ தங்கச்சி. நோனாட அவசரத்துக்கு மீன் வராது."

நான் அதை, சற்றுப் பொறுத்தருளும்படி மிகப் பணிவோடு வேண்டுகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்வேன். சிஸ்டர்மார் எங்களுக்குப் பழக்கிய ஆங்கிலம் அது. முழு வசனம் தயாராகாமல் வாய் திறக்கக் கூடாது.

"நான் நாலு சொல்லுச் சொன்னால் நீங்க நாப்பது சொல்லுறியள். மிச்சம் முப்பத்தாறும் எங்கயிருந்து வருது?" என்று கேட்பார்.

ஆற்றோரத்து றெஸ்ற் ஹவுஸ் ஒன்றில், வெள்ளைக்காரரை மீன்பிடிக்கக் கூட்டிப்போக ஆள் தேடினார்கள். நோனாவின் கையெழுத்தில் நாலு வரி இருந்தால் அண்ணைக்கு அந்த வேலை கிடைக்கும்.

"வேலை கிடைச்சால்தான் முகத்துவாரத்தில பொம்பிளை வீட்டார் ஓம் எண்டு சொல்லுவினம்," என்றார். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. துடுப்பை மட்டும் வேகமாகப் போட்டார்.

நான் கேட்டேன். நல்ல மீன் ஒன்று பிடிபட்டதும் எழுதித் தருவதாக நோனா சொன்னார்.

அடுத்த சனிக்கிழமையே பட்டது. கண்டல் மரத்து வேருக்குப் பக்கத்தில்... அவ்வளவு பெரிய கொடுவாவை நான் பிறகு எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. தண்ணீரைவிட்டு முழுதாக எழும்பித் தலையை உதறியது.

கொடுவா துள்ளும்போது தடியைத் தாழ்த்தி நூலைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும்.

"தாழ்த்து! தடியைத் தாழ்த்து!" அண்ணை கத்தினார்.

டவுன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் துரையின் மனைவியைப் பார்த்துத் "தாழ்த்து" என்பதா, இது என்ன மரியாதை என்றுதான் எனக்குத் தோன்றியது. நல்ல வசனம் ஒன்றைத் தேடி, "மேடம், தாங்கள் தயவுசெய்து..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

வசனம் முடியுமுன் மீன் போய்விட்டது.

"ஏன் நேரத்துக்குச் சொல்லவில்லை என்று அவனிடம் கேள்," என்றார் நோனா. முகம் சிவந்திருந்தது.

நான் அண்ணையிடம் கேட்கவே இல்லை. "சொல்லப் பிந்திவிட்டார், மேடம்" என்று நானே பதில் சொன்னேன். அந்தத் தடவை வசனம் சின்னதாகவே வந்தது.

"நோனா என்ன சொல்றா, தங்கச்சி?"

"மீன் போனது கவலையாம்."

அதற்குப் பிறகு என்னைக் கூட்டிப்போக நோனாவின் கார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆங்கிலம் தெரிந்த வேறு வள்ளக்காரரைப் பிடித்துவிட்டார் என்று அப்பா சொன்னார். கடிதம் இல்லை. வேலையும் இல்லை.

பல வருடம் கழித்து, கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்த பிறகு, மார்க்கெட்டில் ஒரே ஒரு தடவை அவரைக் கண்டேன். மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சியோ! இப்ப கொஞ்சம் கெதியா, சுருக்காக் கதைப்பியளோ?" என்று சிரித்தார். ஒன்றும் விளங்காமல் என் கணவரும் சிரித்தார். அண்ணை நல்ல கொடுவா ஒன்றைத் தேடியெடுத்து, செவுளை விரித்துக் காட்டிவிட்டு வெட்டித் தந்தார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். கணவருக்கு முன்னால் ஒரு மீன்காரரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணை, நீங்கள் நேரத்துக்குத்தான் சொன்னீர்கள். போய்வாருங்கள்.

தெரேசா, உங்கள் அம்மா முகத்துவாரத்துப் பெண்ணா? எனக்கு இப்போது காது கேட்பதில்லை, போன் எடுக்க வேண்டாம். பதிலை எழுதி அனுப்புங்கள்.