ஜோடியைப் பிரிக்காத வீடு

கல்யாணத்துக்கு முன் நான் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். விழுப்புரத்துக்கு வாழ வந்தபோது, அதை நடத்திய டாக்டர், மார்கழி முடியும்வரை என் இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று சொல்லி அனுப்பினார். காலை பாசஞ்சரில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இதைக் கணவரிடம் சொன்ன வாரமே அவர் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலிருந்து ஒரு மரக்கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு கினிப்பன்றிகள்.

"நாள் பூரா சும்மா குந்திக்கினு இருக்கியேன்னுதான். ரெண்டும் பொட்டையாம்."

வேலையைப் பற்றி நான் கேட்டதற்கு அதுதான் பதில் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

மாமியாருக்கு வீட்டுக்குள் பன்றி என்ற சொல்லே ஆகவில்லை. அதனால் அவை சீமை எலிகள் ஆயின. அவர் முகையூர்ப் பக்கம் ஆடுமாடுகளோடு வளர்ந்தவர். பழைய சோறும் மல்லாட்டை எனும் வேர்க்கடலையின் பிண்ணாக்கும் போட்டால் எதுவும் பிழைத்துக்கொள்ளும் என்றார். நான் படிக்கும்போது இந்தப் பிராணிகளைக் கையாண்டிருக்கிறேன். வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். காய்ந்த புல், பல் தேய. தினமும் கொய்யா அல்லது முருங்கைக் கீரை, ஏனென்றால் நம்மைப் போலவே இவற்றின் உடம்புக்கும் வைட்டமின் சி-யை உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெயில் படாத மூலை. ஈரமாகாத காகிதம். நல்ல தண்ணீர். கூண்டைச் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்தோம். கீரை ஆயும் சத்தம் கேட்டாலே இரண்டும் விசில் அடிக்கும். அந்த வீட்டில் என் வரவை அப்படிக் கொண்டாடியவர்கள் வேறு யாருமில்லை.

மறுநாளே மடியில் மல்லாத்திப் பார்த்தேன். வெள்ளை பெண். பழுப்பு ஆண். இன்னொரு பெட்டி வேண்டும் என்று மாமியாரிடம் சொன்னேன்.

"புதுசா கண்ணாலம் ஆன வூட்ல ஜோடியப் பிரிக்கக் கூடாதும்மா," என்றார். கோபமே இல்லாமல், வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்று சொல்வதுபோலச் சொன்னார். கணவரிடம் கேட்டேன். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

கார்த்திகையில் வெள்ளையின் வயிற்றை மெல்லத் தடவியபோது உள்ளே உருண்டைகள் தட்டுப்பட்டன. மாமியார் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரே கொய்யாப் பழம் வாங்கி வந்தார். பக்கத்து வீடுகளுக்கும் சொன்னார். சேதியைக் கேட்ட பெண்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் கூண்டைப் பார்த்தார்கள். அன்றே இன்னொன்றும் முடிவாயிற்று. சூலியாக இருக்கும் வெள்ளையை விட்டுவிட்டு நான் வெளியூர் வேலைக்குப் போகக் கூடாது.

"எம்மாம் நாளு? முயலு மாதிரிதான, ஒரு மாசத்துல போட்ரும். மார்கழி பொறந்ததும் நீ போயேன். நான் பாத்துக்கினு இருக்கேன்."

மாமியார் மனதாரத்தான் சொன்னார். ஆனால் கினிப்பன்றிக்கு முயலின் கணக்கு ஆகாது. இரண்டு மாதத்துக்கும் மேல் சுமக்கும். வாயை மூடிக்கொண்டு மார்கழி முதல் தேதி ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் மாதம் ஆகியும் குட்டி இல்லாத கூண்டைப் பார்த்து ஏதோ குறை என்று அவர் பயந்துவிடுவார். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப தையில போ. வேல எங்க ஓடிப்போவுது?"

வேலை ஓடித்தான் போயிற்று. தை பிறந்ததும் கணவர் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் அந்த டாக்டரைப் பார்த்தாராம். வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்களாம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தத் தையிலேயே ஒரு நாள், கணவர் ஜங்ஷனுக்கு வேலைக்குப் போன பிறகு வெள்ளை மூன்று குட்டி போட்டது. கினிப்பன்றிக் குட்டிகள் திறந்த கண்ணோடும் முடியோடும் பிறப்பவை. உச்சிவேளைக்குள் கூண்டு முழுக்க ஓடின. மாமியார் வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறந்த அன்னிக்கே ஓடுதுங்களே. இதுங்களுக்கு ஆளே தேவையில்ல போலக்குதே."

பழுப்பு அதற்குள் வெள்ளையைச் சுற்றத் தொடங்கியிருந்தது. ஈன்ற சில மணி நேரத்திலேயே இது மறுபடி சினை பிடித்துவிடும். நான் கையை விட்டுப் பழுப்பை வெளியே எடுத்தேன்.

"அத்தை, இன்னிக்கே பிரிக்கணும். இல்லன்னா சித்திரையில இன்னொரு ஈத்து. அப்பவும் என்ன போவ வேணாம்பீங்க."

மாமியார் என்னையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் வரட்டும். கேட்டுக்கலாம். அது வரிக்கும் உள்ள வுடு."

நான் விடவில்லை. கணவர் வர மாலையாகும். கூண்டுக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, பழுப்பை மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். வெள்ளையைக் கேட்டு அது விசில் அடித்துக்கொண்டே இருந்தது. முருங்கைக் கீரையை ஒவ்வொன்றாக ஊட்டினேன். திண்டிவனம் பக்கம் போகும் பாசஞ்சர் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன்.